பலகையில் வைத்த உப்பு

நீட்டிய கையை அந்த அம்மா மடக்கவில்லை.

சவுக்குத் தோப்பு. பங்குனி வெயில். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் இருக்கும். என் கடைக்கு நேர் எதிரே உப்புக் கடை. கடை என்றால் இரண்டு சாக்கு, ஒரு தராசு, குறுக்கே ஒரு வேப்பம்பலகை, அவ்வளவுதான். பலகைக்கு அந்தப் பக்கம் எஸ்தர். இந்தப் பக்கம், மெட்ராஸ் கார் ஒன்றிலிருந்து இறங்கி வந்த அந்த அம்மா. ஐம்பதைத் தாண்டியவர், காட்டன் புடவை, தோளில் ஒரு பை.

துணிப்பையில் கட்டிய உப்பை எஸ்தர் அவர் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தார். வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.

"எடுத்துக்கோங்கம்மா."

"கையில குடுங்க" என்றார் அந்த அம்மா.

நான் யாருக்கோ மல்லாட்டை அளந்துகொண்டிருந்தேன். இரண்டு பேர் பேசியதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்காதவன் மாதிரி படியைத் தட்டித் தட்டி அளந்தேன். படி தட்டுவதில் எனக்கு அப்படி ஒன்றும் அக்கறை கிடையாது என்பது வாடிக்கையாளர்களுக்குத் தெரியும்.

சந்தைக்கு வந்த கதை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறீர்கள் என்றால், என்னைப் பற்றி இரண்டு வரி. பெருமுக்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரம் எழுதிப் பிழைத்தேன். இப்போது கண்ணும் சரியில்லை, எல்லாரும் கம்ப்யூட்டரில் அடித்துக்கொள்கிறார்கள். ஆகவே பங்குக்கு வந்த ஒரு ஏக்கர் சொச்சத்தில் மல்லாட்டை போடுகிறேன். தெற்கத்தி வாசகர்கள் அதை நிலக்கடலை என்று படித்துக்கொள்ளவும்.

ஈ.சி.ஆர் ஓரமாக, கூனிமேட்டுக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் இருக்கிறது அந்தத் தோப்பு. நித்யா என்று ஒரு பெண், புதுச்சேரிக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் ஆரம்பித்ததுதான் இந்தச் சந்தை. ஏன் ஞாயிறு மதியம் என்று கேட்டதற்கு, சனிக்கிழமை புதுச்சேரிக்குப் போன கார்களெல்லாம் ஞாயிறு மதியம்தான் மெட்ராஸ் திரும்பும் என்றார். சரியான கணக்கு. கூடவே, குயிலாப்பாளையம் பக்கம் குடியேறிய வெள்ளைக்காரர்களும் ஸ்கூட்டரில் துணிப்பையோடு வந்துவிடுவார்கள்.

வாசலில் ஒரு போர்டு. அதில் இரண்டே விதி. விளைவித்தவரே விற்க வேண்டும். இங்கே எல்லோரும் சமம். இரண்டாவது விதியை நித்யா சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தார்.

முதல் விதியை நாங்கள் கொஞ்சம் தாராளமாகத்தான் வைத்திருந்தோம். கூனிமேட்டு பஷீர் பாய் தேங்காயும் இளநீரும் கொண்டுவந்தார். அவை அவர் தோப்பில் விளைந்தவை. கூடவே டீயும் போட்டார். டீ எந்தத் தோப்பில் விளைந்தது என்று யாரும் கேட்கவில்லை. இஞ்சி தட்டிப் போட்ட டீ அது, கேட்டு யார் கெடுத்துக்கொள்வார்கள்?

உப்பு விவசாயமா

எஸ்தர் இடம் கேட்டு வந்தபோது மட்டும் எல்லாருக்கும் சட்டம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

எஸ்தர் எங்கள் ஊர்க் காலனியில் பிறந்து மரக்காணம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். வருஷக்கணக்கில் அடுத்தவர் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரினார். சமீபத்தில்தான் புருஷனும் அவருமாக மூன்று பாத்தி குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். வியாபாரி சொன்ன விலைக்கு மூட்டை மூட்டையாகக் கொடுப்பதற்குப் பதில் தானே உட்கார்ந்து விற்றால் என்ன என்று தோன்றியிருக்கிறது.

சந்தைக்காரர்கள் கூட்டத்தில் தர்பூசணி போடும் ஒருவர் எழுந்து, "உப்புக்கு வெதை கெடயாது, வேர் கெடயாது. அது எப்பிடிங்க வெவசாயம்?" என்றார்.

"பாத்தி கட்டுறோம், தண்ணி பாய்ச்சுறோம், வெளஞ்சா வாருறோம்" என்றார் எஸ்தர். "மழை பேஞ்சா உங்களுக்கு வெளையும், எங்களுக்குக் கரஞ்சு பூடும். அவ்ளோதான் வித்தியாசம்."

கூட்டம் சிரித்துவிட்டது. கூட்டத்தில் பேசியதை எழுதி வைப்பது என் வேலை. பத்திரக்காரன் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என் தலையில் கட்டியிருந்தார்கள். இருவர் சொன்னதையும் எழுதினேன். என் அபிப்பிராயம் என்று ஒன்றும் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கடைசியில் நித்யா ஒரு வழி சொன்னார். நான்கு ஞாயிறு எஸ்தர் வந்து விற்கட்டும், புகார் எதுவும் வராவிட்டால் இடம் நிரந்தரம். நான் மேலே சொன்ன மதியம், அந்த நான்கில் மூன்றாவது.

ஒரு வழக்கம்

உப்பைக் கையோடு கை கொடுத்தால் சண்டை வரும். இது நம் எல்லார் வீட்டிலும் அரைகுறையாகத் தெரிந்த விஷயம்தான். உப்பளக்காரர்களிடம் இது இன்னும் கெட்டி. பையில் கட்டிய உப்பானாலும் கீழே வைப்பார்கள், வாங்குகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டும். உப்பு ஒட்டிய கையால் இன்னொருவர் கையிலிருந்து எதையும் வாங்கவும் மாட்டார்கள், காசு உட்பட.

மாமியார் மருமகளுக்கு உப்பு கொடுப்பதும் தரை வழியாகத்தான். அப்படியும் சண்டை வருகிறதே என்று ஒருமுறை எஸ்தரிடமே கேட்டிருக்கிறேன். "கையில குடுத்திருந்தா வெட்டுக்குத்துல முடிஞ்சிருக்கும் சார்" என்றார்.

முதல் இரண்டு வாரமும் இதில் ஒரு சிக்கலும் வரவில்லை. ஒரு வெள்ளைக்கார அம்மாள் பலகையிலிருந்த உப்பை எடுத்துக்கொண்டு எஸ்தருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். ஏதோ பூஜை என்று நினைத்திருப்பாள்.

மறுபடி பலகைக்கு

"உப்புங்கம்மா" என்றார் எஸ்தர். "கையில குடுத்தா சண்டை வரும்னு நாங்க குடுக்க மாட்டோம். நீங்களே எடுத்துக்கோங்க."

"அப்படி ஒண்ணு சொல்வாங்க, கேள்விப்பட்டிருக்கேன். அதுவும் பைக்குள்ள கட்டுன உப்புக்கா? சரி, இருக்கட்டும். காசை எதுக்குப் பலகையில வைக்கச் சொன்னீங்க?"

"கையெல்லாம் உப்பும்மா. அதுக்கும் அதே கணக்குதான்."

"இப்பதான அந்தப் பாய் கையிலேர்ந்து டீ கிளாஸ் வாங்குனீங்க? நான் பாத்துக்கிட்டேதானே வந்தேன்."

வாங்கியது உண்மை. பஷீர் பாய் டீயைக் கொடுத்துவிட்டு, "நமாஸ் முடிச்சிட்டு வந்துர்றேன், கடையைப் பாத்துக்கம்மா" என்று சொல்லிப் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"அது கை கழுவிட்டு வாங்குனதும்மா. அப்புறம்தான் உப்பு அள்ளுனேன்."

சத்தியமான வார்த்தை. ஆனால் கேட்கிறவர்களுக்குச் சாக்கு மாதிரிதான் இருந்தது.

அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் இவ்வளவு ஞாபகம் வைத்திருக்க மாட்டேன்.

"எங்கப்பா டீக்கடைக்கு வெளியில நின்னு, கீழ வெச்ச டம்ளரை எடுத்துக் குடிச்சவரு. என்னைப் படிக்க வெச்சாரு. நான் வேலைக்குப் போயி, ரிட்டயர்டும் ஆகப் போறேன். இன்னமும் எனக்குக் கீழ வெச்சிட்டு நகர்ந்து நிக்கிறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

எஸ்தர் முகம் செத்துப்போனது.

நானும் உங்கள் ஆள்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் அங்கேயே முடிந்துபோயிருக்கும். எஸ்தர் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? காய் வாங்க வந்த இருபது பேர் நடுவில், தன் சாதியைச் சொல்லித்தான் ஒரு பொம்பளை உப்பு விற்க வேண்டுமா?

அதற்குப் பதில் அவர் என்னைப் பார்த்தார். உள்ளூர்க்காரன், பெரிய மனுஷன், வழக்கம் தெரிந்தவன், எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறவன்.

ஆட்கள் கூடுவதைப் பார்த்து நித்யாவும் வந்துவிட்டார். இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க இந்தப் பக்கத்து ஆளு. எஸ்தரக்காவையும் முன்னாடியே தெரியும். இங்க இப்படிக் கீழ வைக்கிற வழக்கம் இருக்கா?"

"சொல்லுங்க சார்" என்றார் அந்த அம்மாவும்.

பத்திரக்காரன் புத்தி

இங்கே கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டியிருக்கிறது.

நான் எழுத ஆரம்பித்த புதிதில் அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகப்பிரிவினைக்கு வந்தார்கள். கிணறு யார் பக்கம் என்று தகராறு. அந்தக் கிணற்றில் நான் குளித்திருக்கிறேன், யார் வெட்டியது என்றும் தெரியும். தம்பி என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்களே சொல்லுங்க" என்றான். நீங்கள் சொல்வதை எழுதுவதுதான் என் தொழில் என்று பேனாவைத் திறந்தேன். அவன் அதற்குப் பிறகு என்னோடு பேசியதே இல்லை. ஆனால் என் முதலாளி, பத்திரம் எழுதுகிறவனுக்கு வேண்டிய குணம் இதுதான் என்று மெச்சினார்.

அதிலிருந்து அதையே பிடித்துக்கொண்டேன். வீட்டிலும் அப்படித்தான். என் மனைவிக்கும் என் தங்கைக்கும் நடந்த சண்டைகளில் நான் மழைக்குக்கூட ஒரு பக்கம் ஒதுங்கியதில்லை. "உங்களோட சண்டை போட்டா சுவத்தோட போட்ட மாதிரி" என்பாள் மனைவி. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த மதியம் என் வாயை அடைத்தது பழக்கம் மட்டும் இல்லை. இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

கீழ வைக்கிற வழக்கம் இருக்கா என்று நித்யா கேட்டதும், எனக்கு உப்பு ஞாபகம் வரவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் ஞாபகம் வந்தது. மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் காலனிப் பெண்கள் இருபது பேர் வருவார்கள். மதியம் தண்ணீர் கேட்டால் என் அம்மா சொம்போடு வெளியே வருவாள். அவர்கள் குனிந்து இரண்டு கையையும் குவித்துக்கொள்வார்கள். அம்மா கையை நன்றாக உயர்த்தி ஊற்றுவாள். பாதி வாய்க்குப் போகும், பாதி முழங்கை வழியாக ஒழுகி ரவிக்கையை நனைக்கும். சொம்பு மேலே படக்கூடாது. கூலிக்கு மேல் கொடுக்கும் மல்லாட்டையையும் தரையில்தான் கொட்டுவாள், அவர்கள் முந்தானையில் அள்ளிக்கொள்வார்கள்.

என் அம்மா கெட்டவள் இல்லை. ஊரில் நல்ல பேர்தான். அதுதான் இதில் கஷ்டமான விஷயம். அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட ஒரு வருஷம், அந்தச் சொம்பைத் தூக்கி ஊற்றியவன் நான். எனக்கு அப்போது பதினேழு, பதினெட்டு வயது. குவிந்திருந்த கைகளில் ஒன்று எஸ்தருடைய அம்மாவுடையது.

ஆமாம், இது உப்பு வழக்கம் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியென்றால் இந்த ஊரில் மற்றதெல்லாம் கையில்தான் கொடுப்பீர்களா என்று அந்த அம்மா கேட்பார். எஸ்தர் பதில் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சமம் என்று எழுதிய போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன் அல்லவா?

"நான் கவனிக்கலைங்க" என்றேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது."

கார் போன பிறகு

எஸ்தர் என்னைப் பார்ப்பதை நிறுத்தினார்.

அந்த அம்மா திரும்பி நடந்தார். உப்பையும் எடுக்கவில்லை, பலகையில் வைத்த காசையும் எடுக்கவில்லை. எஸ்தர் முந்தானையில் கையைத் துடைத்து, மறுபடி துடைத்து, காசை எடுத்துக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினார்.

"அம்மா! அம்மா, நில்லுங்கம்மா! ஒரு நிமிசம்மா!"

வெள்ளைக் கார். மெட்ராஸ் பக்கம் திரும்பிப் போய்விட்டது. ஈ.சி.ஆரில் ஞாயிறு மதியம் வரிசையாகக் கார்கள் போய்க்கொண்டே இருக்கும், அதில் ஒன்றை நிறுத்துவது நடக்கிற காரியமா? எஸ்தர் தார் ரோட்டு விளிம்பில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். செருப்பு பலகைக்கு அடியிலேயே கிடந்தது. அந்த வெயிலில் வெறுங்காலோடு ஓடியிருக்கிறார்.

நித்யா தயங்கித் தயங்கித்தான் பேசினார். "அக்கா, புகார் வந்துடுச்சு. நான் விசாரிச்சு சொல்றேன். அதுவரைக்கும் அடுத்த வாரம் நீங்க வர வேணாம்."

"எடம் போனா போவுது நித்யாம்மா" என்றார் எஸ்தர். "அந்தம்மா என்னை அப்படிப்பட்டவன்னு நெனச்சுக்கினே போறாங்களே. நானு, அவங்களை... யாராச்சும் ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

எஸ்தர் பலகையில் இருந்த பையைப் பிரித்து, உப்பைச் சாக்கில் கொட்டிக் கட்ட ஆரம்பித்தார். நான் ஒரு வெள்ளைக்காரருக்கு அவித்த மல்லாட்டையை எப்படி உரிப்பது என்று காட்டிக்கொண்டிருந்தேன். அதைக்கூட வழக்கத்தைவிட விளக்கமாகக் காட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

பஷீர் பாய் தொழுதுவிட்டு வந்தார். நடந்ததைத் தர்பூசணிக்காரரிடம் கேட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா சார், எதிர்லயே இருந்தீங்களே. உப்புக்காரங்க கையில குடுக்க மாட்டாங்கன்னு கூனிமேட்டுல பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் பாய்."

"அப்புறம்?"

பாய் என்னைத் திட்டியிருந்தாலும் தேவலை. ஒரு டீ போட்டு எஸ்தருக்குக் கொண்டுபோனார். எஸ்தர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

நான் எழுந்தேன். நித்யாவைத் தேடிப் போய்ச் சொன்னேன். இது உப்பு வழக்கம்தான், எல்லாருக்கும் இப்படித்தான் வைப்பார்கள், எனக்கும் இப்படித்தான் வைப்பார், பெற்ற பெண்ணுக்கும் இப்படித்தான். எஸ்தர் எந்தத் தெருவில் பிறந்தவர் என்பதையும் சொன்னேன். எங்கள் கொல்லைப்புறத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே சார்" என்றார் நித்யா.

"சொல்லியிருக்கலாம்."

நித்யா ஓடிப் போய் எஸ்தர் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். அழுதது நித்யாதான், எஸ்தர் இல்லை. நான்காவது ஞாயிறெல்லாம் வேண்டாம், இடம் இன்றைக்கே நிரந்தரம் என்று ஆகிவிட்டது. தர்பூசணிக்காரர்கூடக் கை தட்டினார்.

பிழை திருத்தல் பத்திரம் என்று ஒன்று உண்டு. முதல் பத்திரத்தில் தப்பாக எழுதியதைச் சரி செய்து இன்னொன்று எழுதிப் பதிவு செய்வார்கள். அப்படி ஒன்று எழுதி முடித்த நிம்மதி எனக்கு. வெயில் சவுக்கு மரங்களுக்குப் பின்னால் இறங்கியிருந்தது, காற்றும் கடல் பக்கத்திலிருந்து வீச ஆரம்பித்திருந்தது.

ஒரு கிலோ உப்பு

கடை கட்டும் நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனேன். எஸ்தர் வந்த நாளிலிருந்து மல்லாட்டை அவிக்க அவரிடம்தான் உப்பு வாங்குகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் எஸ்தரை ங்க போட்டுப் பேச ஆரம்பித்ததே இந்தச் சந்தைக்கு வந்த பிறகுதான். அது எனக்கு ஒரு பெருமையாகக்கூட இருந்தது.

"ஒரு கிலோ போடுங்க எஸ்தர். எடம் உங்களுக்குத்தான்னு சொல்லிட்டாங்க போல."

"சொன்னாங்க சார்."

"நான்தான் நித்யாகிட்ட பேசினேன்."

"அதையும் சொன்னாங்க."

தராசை எடுக்கவில்லை. சாக்கின் வாயை மட்டும் அவிழ்த்தார்.

"அந்தம்மா கார் இந்நேரம் எங்க சார் போயிக்கினு இருக்கும்?"

"கல்பாக்கம் தாண்டியிருக்கும்."

"அங்க போயி யாராவது சொல்லுவாங்களா சார்?"

நான் பையை மடித்துப் பிரித்தேன்.

"எங்கம்மா உங்க வூட்டுத் தண்ணியை எப்பிடிக் குடிச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதை நான் அங்க எடுத்திருக்க மாட்டேன் சார். உப்பைப் பத்தி மட்டும்தான் உங்களைக் கேட்டாங்க."

குரலில் கோபம் இல்லை. விலை சொல்வது போலத்தான் சொன்னார். வாழ்நாளில் முதல்முறையாக, யாராவது என்னோடு சத்தம் போட்டுச் சண்டை பிடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"கையை நீட்டுங்க சார்."

பையை நீட்டினேன்.

"பை இல்ல. கை."

நீட்டினேன். சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். கல்லுப்பு, வெயிலில் கிடந்த சூடு இன்னும் இருந்தது. என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அவருடைய இரண்டு கையாலும் அழுத்தி மூடினார்.

இளநீர்க் குலையைக் கட்டிக்கொண்டிருந்த பஷீர் பாய் நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

"யா அல்லா! இன்னாம்மா எஸ்தரு, உப்பைப் போயி கையில குடுக்கிற?"

"தெரிஞ்சேதான் குடுக்குறேன் பாய்" என்றார் எஸ்தர்.